ஏழாவது புத்தகம்

மூன்றாவது அலமாரி, இரண்டாம் தட்டு, இடமிருந்து ஏழாவது. அக்காவின் விரல்கள் புத்தக முதுகுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போகின்றன. கண் மட்டும் சும்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டிய இந்த நூலகத்தில் முப்பது வருடமாகப் புத்தகம் எடுத்துக் கொடுப்பவள் அக்கா. கிழிந்ததைத் தைத்துத் துணி ஒட்டுவதும் அவள்தான். "கண்ணைக் கட்டி விட்டாலும் எடுத்துட்டு வருவேன்" என்று அந்தக் காலத்தில் பெருமையடிப்பாள். பாவம், வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. கண் நரம்பு போய்க்கொண்டிருக்கிறது, ஆபரேஷனுக்கும் வழியில்லை என்று டாக்டர் கைவிரித்து ஒரு வருடமாகிறது.

அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம். அதற்குள் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டிலோ கை கால் விழுந்த புருஷன். நூலகத்துக்கு வந்திருப்பது யாரென்று தெரியாவிட்டால், வந்தவர் வாயைத் திறக்கும்வரை இருமிக்கொண்டே இருப்பாள். கேட்டால், "தூசிப்பா, புஸ்தகத் தூசி" என்பாள்.

போன வாரம் நூலகத்துக்கு வெள்ளையடித்தார்கள். புத்தகங்களை இறக்கி, திரும்ப அடுக்கிவிட்டுப் போனார்கள். எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்கிறது என்றார் நூலகர். அவருக்கென்ன, மேசையைத் தாண்டி அலமாரிப் பக்கம் என்றைக்குப் போனார்? அக்கா நம்பிவிட்டாள்.

இன்றைக்கு எதிர்க்கடைத் தையல்காரர் வந்து சட்டை வெட்டும் புத்தகத்தைக் கேட்டார். வருடத்துக்கு நாலு தடவையாவது எடுக்கிறவர். நூலகர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்ற பதற்றத்தில், அக்கா ஏழாவதை உருவிக்கொண்டு வந்து நீட்டினாள். அட்டையில் பசுமாடு. மாட்டு வைத்தியப் புத்தகம்.

தையல்காரர் மாட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஓரக்கண்ணால் நூலகரையும் பார்த்துக்கொண்டார்.

"இதேதான்க்கா. சீல் போடுங்க."

அக்கா சீலைக் குத்திப் புத்தகத்தை மூடினாள். அப்போதுதான் விரல் முதுகில் பட்டது. சட்டைப் புத்தகத்தின் முதுகுக்கு அவள் தன் கையாலேயே துணி ஒட்டியிருந்தாள். இது வழுவழுவென்று இருந்தது. அப்படியானால் இவருக்குத் தெரியும். இன்னும் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

தையல்காரர் புத்தகத்தை மெல்ல இழுத்தார். அவள் விடவில்லை. நூலகர் தலையை நிமிர்த்தினார். அக்கா புத்தகத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரும ஆரம்பித்தாள்.