யாரைக் கேட்கணும்

ஃபைல் பட்டியல் திரையில் முழுதாக வந்து நிற்பதற்குள் ஃபைலம்மா மவுஸைப் பிடித்துவிடுவார். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால், "சுத்தினது போதும், நில்லு" என்று அதட்டுவார். நின்றதும், வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடும் பத்தி ஒன்றைத் தலைப்போடு பிடித்து இடது ஓரத்துக்கு இழுத்து வருவார். அதன் தலைப்பு 'யாரைக் கேட்கணும்'; ஒவ்வொரு ஃபைலுக்கும் நேரே, அதைப் பற்றித் தெரிந்த ஆளின் பெயர் அதில் இருக்கும். முந்தின நாளும் அதை அங்கேதான் வைத்துவிட்டுப் போயிருப்பார். யாரோ சாயங்காலம் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். யாரென்று அவருக்குத் தெரியும். கேட்பதில்லை. இழுக்கிறார்.

பெரிய கட்டடங்களின் நிலத்தடித் தண்ணீர்க் குழாய்களைப் பராமரிக்கும் நிறுவனம் அது. எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வால்வு எந்த மூடிக்குக் கீழே இருக்கிறது என்று காட்டும் படங்கள் எல்லாம் கிளவுடில் இருக்கின்றன. அவற்றை ஒழுங்காக வைத்திருப்பது இவர் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் ஃபைலம்மா.

மற்றவர்கள் திறந்தால் முதலில் ஃபைலின் பெயரும், பக்கத்தில் திருத்திய தேதியும் தெரியும்படி வைத்துக்கொள்வார்கள். இவர் தேதியை மறைத்தே வைத்திருக்கிறார். "எவனாவது திறந்து ஒரு புள்ளி வச்சு மூடினா இன்னிக்குத் தேதி காட்டும். தேதி புதுசுன்னா படம் சரின்னு அர்த்தமா?" தேடல் பெட்டியையும் தொடமாட்டார். "பேர் தெரிஞ்சவனுக்குத்தான் அது. தெரியாதவன் என்னத்தைத் தேடுவான்?"

மேனேஜருக்கு இது பிடிப்பதில்லை. "ஃபைலம்மா, திறந்தா ஃபைல் பேரே கண்ணுல படலை. பட்டியலா, ஆளுங்க வருகைப் பதிவா?"

"குழாய் உடைஞ்சு கீழ்த்தளம் குளமா நிக்கும்போது ஃபைல் பேரையா சார் கூப்பிடுவீங்க? ஆளைத்தானே?"

அந்தப் பத்தியில் அதிகமாக இருந்த பெயர் அவருடைய கணவருடையது. அதே நிறுவனத்தில் குழாய்ப் படங்கள் வரைந்தவர். மழை தொடங்கிய வாரத்தில், மேசையில் உட்கார்ந்திருந்தபடியே இறந்துபோனார். இதயம்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று காலை ஃபைலம்மா நேராகத் தன் இடத்துக்குப் போகவில்லை. அங்கேயே கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் மகளிடம் போனார்.

"அப்பா அக்கவுண்ட்டை எப்ப மூடுவ?"

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனவர்களின் கணக்கை மூட வேண்டும் என்பது விதி. மூடினால் பட்டியலில் அவர் பெயர் இருந்த கட்டமெல்லாம் வெறுமையாகிவிடும். "கொஞ்ச நாள் தள்ளிப்போடறேன்மா. யாரும் கேட்கமாட்டாங்க."

"தள்ளிப்போட்டா? இந்தப் பேரைப் பார்த்து ஒருத்தன் போன் பண்ணுவான். உங்கப்பா எடுப்பாரா?"

மகள் கீபோர்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் சொல்றப்ப மூடு. அதுவரைக்கும் கையை வைக்காதே."

அன்றே, பட்டியல் தன் திரையில் மட்டும் வேறு மாதிரித் தெரியும்படி தனக்கென்று ஒரு பார்வையை அமைத்துக்கொண்டார். கணவர் பெயர் உள்ள வரிகள் மட்டும் தெரியும்படி வடிகட்டி. கட்டடம் வாரியாகப் பிரித்து. ஆஸ்பத்திரிகள் மேலே, கிடங்குகள் கீழே. பிறகு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தார். பெயரை மாற்றுவதற்கு அவர் வைத்திருந்த விதி ஒன்றுதான். வருகிறவர் படத்தைப் பார்க்கலாம். பிறகு திரையை இவர் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். படம் இல்லாமல் குழாய் போகும் வழியைச் சொல்ல வேண்டும். சொன்னால் கணவர் பெயரை அழித்துச் சொன்னவர் பெயரைப் போடுவார். திணறினால், "போய்ப் பார்த்துட்டு வாங்க" என்பார். பரிதாபப்பட்டு வந்து நின்றவர்களும் தப்பவில்லை. குழாய் பொருத்துகிறவர்கள் இவர் மேசையைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். அவர்களில் மூத்தவரான நெட்டை மட்டும், "அக்கா, ஸ்கூல்ல வாத்தியார் கிட்டகூட நான் இப்படி நின்னதில்லை" என்று முனகிக்கொண்டே திரும்பத் திரும்ப வந்தார்.

ஒருநாள் காலை பட்டியலைத் திறந்தால் இவருடைய பார்வையில் ஒரு வரிகூட இல்லை. மேனேஜர் காபிக் கோப்பையோடு வந்து நின்றார்.

"நான்தான்மா. எல்லாத்தையும் ஒரே மூச்சுல என் பேருக்கு மாத்திட்டேன். அந்தப் பேரைத் தினமும் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்க. எங்களுக்கே மனசு கேக்கலை."

அவர் சொன்னது மனதாரத்தான். ஃபைலம்மா எழுந்து நின்றார்.

"சார், பெரிய ஆஸ்பத்திரி. பின்பக்க வால்வை மூடினா எந்த மாடிக்குத் தண்ணி நிக்கும்?"

மேனேஜர் கோப்பைக்குள் பார்த்தார்.

"ஆபரேஷன் நடக்கிற மாடி. அங்கே தண்ணி நிக்காம இருக்க, மூடறதுக்கு முன்னாடி இன்னொரு வால்வைத் திறக்கணும். அது படத்துல இருக்கு. எந்தப் பக்கம் திருகணும்னு அவருக்குத்தான் தெரியும். அது தலைகீழா மாட்டின வால்வு. உங்க பேரைப் பார்த்து உங்களைக் கூப்பிட்டா என்ன சொல்லுவீங்க?"

"அது... யாரையாவது கேட்டு..."

"அந்த யாரையாவதைத்தான் சார் நான் தேடிட்டிருக்கேன்." மகள் பக்கம் திரும்பினார். "நேத்து இருந்த மாதிரி ஆக்கு."

மகள் பழைய நிலையை மீட்டாள். அப்பாவின் பெயர் வரிவரியாகத் திரைக்குத் திரும்பியது. அவள் எழுந்து வெளியே போனாள். அம்மா போகவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மழை ஓய்ந்து வெயில் ஏறும் வரை இது நடந்தது. பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் அந்த ஆஸ்பத்திரிப் படம் மட்டும் நின்றது. தலைகீழ் வால்வை யாரும் தொட்டதில்லை. தெரியும் என்று சொல்லவும் யாரும் துணியவில்லை. ஃபைலம்மா ஆஸ்பத்திரி பொறியாளரிடம் நேரம் வாங்கினார். ஆபரேஷன் இல்லாத ஒரு மதியம் நெட்டையையும் மகளையும் கூட்டிக்கொண்டு, தலையில் நில்லாத ஹெல்மெட்டை ஒரு கையால் பிடித்தபடி கீழ்த்தளத்துக்கு இறங்கினார்.

நெட்டை தலைகீழ் வால்வின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "வழக்கமான பக்கம் திருகினா இறுகுதுக்கா."

"அப்ப மாத்தித் திருகு. மெதுவா."

குழாய் ஒருமுறை உறுமியது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு பின்பக்க வால்வை மூடினார்கள். மேல் மாடியிலிருந்து பொறியாளர் போனில் சொன்னார்: "தண்ணி வருதுங்க. நிக்கலை."

நெட்டை தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிக நேரம் துடைத்தார். "என் பேரைப் போட்டுக்கோக்கா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

அலுவலகத்துக்கு வந்து அந்தக் கடைசி வரியிலும் கணவர் பெயரை மாற்றினார். 'காட்டுவதற்கு எதுவும் இல்லை' என்றது திரை. ஃபைலம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இப்ப மூடு" என்றார்.

மகள் தன் இடத்திலிருந்து கணக்கைத் திறந்தாள். உறுதியா என்று திரை கேட்டது. அவள் விரல் அங்கேயே நின்றது. அம்மா அவசரப்படுத்தவில்லை. மகள் அழுத்தினாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தபோது அம்மா மறுபடி மவுஸைப் பிடித்திருந்தார். வடிகட்டியில் கணவர் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தார். உரிமங்கள், ஒப்பந்தங்கள், ஆய்வுச் சான்றுகள் என்று அவரைக் கேட்டால் மட்டுமே தெரிகிற எல்லாம் வந்து திரை நிரம்பியது.

"என்னம்மா இது?" என்றாள் மகள்.

ஃபைலம்மா பக்கத்து நாற்காலியில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை மகள் பக்கமாகத் திருப்பிப் போட்டார். "உட்கார்ந்து பாரு. அப்புறம் திரையைத் திருப்பிடுவேன்."