உரக்க வாசித்த கணிச்சம்

என் மகள் முதன்முதலில் போனில் "பாருக்குப் போறேன்மா" என்றபோது நான் பதறிப்போய், "எந்த பாருக்குடி?" என்று கேட்டுவிட்டேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டைத்தான் விழிஞ்ஞத்து மீனவர்கள் பாரு என்கிறார்கள். பவளமும் கடற்பஞ்சும் ஒட்டி வளரும் இடம். எந்த மாதம் அங்கே என்னென்ன வாழ்கின்றன என்று மீனவர்களோடு சேர்ந்து பதிவு செய்வது அவளுடைய ஆராய்ச்சி.

மேலே பார்த்தால் வெறும் தண்ணீர். இடம் தெரியக் கணிச்சம் வேண்டும். கரையில் ஒரு கோபுரமும் பின்னால் ஒரு மலைமுடியும் நேர்கோட்டில் வர வேண்டும். வேறொரு திசையில் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் பாரு. வெளியே தெரிந்தால் பெரிய வலைக்காரர்கள் ஒரே பருவத்தில் வழித்துவிடுவார்கள். அதனால் அவளைப் படகில் ஏற்றிய பெரியவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: வரைபடத்தில் பாருக்கு எண் மட்டும். கணிச்சம் அவளுடைய நோட்டைத் தாண்டக் கூடாது.

அன்று அவள் பதினோரு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஒரு மணிக்குக் காற்று மாறியது. போன் கிடைக்கவில்லை. நனைந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் துறைமுகத்துக்கு ஓடினேன்.

"எந்தப் பாரு சேச்சி? கடல்ல பாரு ஒண்ணா ரெண்டா?" என்றார்கள் அங்கே நின்ற மீனவர்கள்.

நோட்டைத் திறந்து உரக்க வாசித்தேன். கோபுரம், மலைமுடி, தண்ணீர்த் தொட்டி. சுற்றி முப்பது பேராவது நின்றிருப்பார்கள். ஒருவர் சிரித்தார். "இதுக்குத்தான் கிழவன் இத்தன வருஷம் யாரும் பின்னால வராம லைட்ட அணைச்சிட்டுப் போனானா?" யாரோ கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்ததும் கண்ணில் பட்டது. நான் நிறுத்தவில்லை.

இரண்டு படகுகள் கிளம்பின. துறைமுக வாயிலைத் தாண்டுவதற்குள் மகளும் பெரியவருமே எதிரே வந்தார்கள். இன்ஜின் நின்றுபோய், துடுப்பு போட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

கரையேறிய பெரியவரிடம் யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அவர் என்னிடம் வந்தார். "சேச்சி வாசிச்சது சரியாணு. ஒரு எழுத்து தப்பில்ல."

மகள் என் கையிலிருந்த நோட்டையே பார்த்தாள்.

"நீ போயிட்டியோன்னு நெனச்சேன்டி."

"தெரியும்மா."

அடுத்த வாரமே அந்தப் பாருக்கு மேல் வெளியூர் படகுகள் நின்றன. பெரியவர் அவளுடைய அழைப்பை எடுக்கவில்லை. தினமும் விடிகாலையில் அவள் கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வெறுமனே திரும்பி வந்தாள். மூன்றாவது வாரம்தான் அவர் பேசினாராம். "வேற ஒரு பாரு உண்டு. நோட்டு வேண்டா. மனசுல வெச்சா மதி." மனதில் வைத்துக்கொண்டால் போதுமாம்.

இப்போது மறுபடியும் போகிறாள். அவள் செருப்பு மாட்டும்போது எங்கே என்ற கேள்வி வாய்வரை வருகிறது. சாப்பாடு எடுத்துக்கொண்டாளா என்று மட்டும் கேட்கிறேன். காற்று மாறினால் துறைமுகத்தில் போய் வாசிக்க என்னிடம் இனி எதுவும் இல்லை.