ஆபீஸ் பாடம்

காலை ஒன்பது நாற்பதுக்கு நான் உள்ளே நுழைந்தபோது, ஆசிரியர் கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்துக் கரிசல் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். கிராமப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியிருந்தது. அதைப் பற்றிச் செய்தி எழுதக் கோவில்பட்டியிலிருந்து போயிருந்தேன்.

ஒல்லியான மனிதர். கை சும்மா இருந்தால் சட்டைப் பையிலிருந்த சாக்பீஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். கம்ப்யூட்டர் மூன்று, ஒவ்வொன்றுக்கும் நான்கு பிள்ளைகள். ஒரே கட்டுரையை ஒருத்தி சொல்ல, ஒருவன் தட்ட, மற்றவர்கள் திருத்தினார்கள். ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"அந்தப் பிள்ளை வரலையா சார்?"

"நாந்தான் கெடுத்தேன் அண்ணாச்சி. 'எல்லாரும் சேர்ந்து ஆபீஸ் படிக்கப் போறோம்'னு சொல்லிட்டேன். கம்ப்யூட்டர்ல எழுதுத பாடத்துக்கு அதான பேரு."

அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் ஆபீஸ் என்றுதான் பேர். மகள் சொன்னதைக் கேட்டு மறுநாளே தாய் வந்துவிட்டாளாம்.

"'ஆபீஸ் வேலை வேண்டாம்னுதான் இங்கன அனுப்புனேன், நீங்களும் அதத்தான் பழக்குதியளா'ன்னா. வந்து பாருங்கம்மான்னு இங்க கூட்டியாந்தேன். பிள்ளைக நாலு நாலு பேரா குனிஞ்சு உக்காந்திருந்துச்சு. கொஞ்ச நேரம் பார்த்தா. 'அங்கனயும் இப்படித்தான் உக்காருதாவ. கூலியாவது தருவாவ'ன்னுட்டுப் போயிட்டா."

சாக்பீஸைத் தொட்டுக்கொண்டார். கரும்பலகையில் பாடத்தின் பெயரை அழித்து, 'கூடி எழுதுதல்' என்று மாற்றியிருந்தார். யார் செய்த தவறு என்று எனக்குப் பிடிபடவில்லை. பள்ளிக்கு மூன்று கம்ப்யூட்டர் வந்திருப்பதாக மட்டும் செய்தி எழுதினேன்.

அந்தச் சிறுமி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகத் தொடங்கி அன்றோடு ஒன்பது நாள்.