அப்பாவின் வசனத்தை நான் வாசித்தேன்

என் மகன் நடிகனாவதற்கு நான் செய்த உதவி ஒன்றே ஒன்றுதான். அவனோடு பேச வேண்டிய மற்றவர்களின் வசனங்களை வீட்டில் நான் வாசித்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். கணவர் இறந்த பிறகு, புலம்பெயர்ந்து வந்த மனோர் பார்க் வீட்டில் நானும் மகனும் இரண்டு பேர்தான். எண்பதுகளில், பள்ளிக்கூட நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், நாடகத்தில் அவனுக்கு, இடம் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பும் சத்திரக்காரன் வேடம் கிடைத்தது. 'இடமில்லை' என்பதுதான் மொத்த வசனமும். அதற்காக ஒரு கிழமை, ஏழு நாளும், நான் சமையலறைக்கு வெளியே நின்று கதவைத் தட்டினேன்.

பிறகு சனிக்கிழமை நாடக வகுப்பு, நாடகக் கல்லூரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொலைக்காட்சியில் முதல் வேலை: கொள்ளையர்கள் மிரட்டும் கடைப் பையன். இரண்டு நிமிடம்கூட இல்லை. கோயிலில் ஒரு பெண் என்னிடம் கேட்டார்.

"மகன் எப்ப டொக்டரா வாறார்?"

"அடுத்த மாதம். ஆஸ்பத்திரி நாடகத்தில."

அவர் சிரிக்கவில்லை. உண்மையில் நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். வேலையில்லாத மாதங்களில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே அவன் இருப்பதைப் பார்க்க முடியாமல் மேலே போய்விடுவேன்.

வேலை வந்தால் கையில் தாளோடு என்னைத் தேடி வருவான். பொலிஸ்காரர், காதலி, நீதிபதி எல்லாம் நான்தான். கொஞ்சம் உணர்ச்சியோடு வாசித்தால் நிறுத்திவிடுவான்.

"நடிக்காதேங்கோ அம்மா. ஃபிளாட்டா வாசியுங்கோ."

"நான் ரேடியோ நாடகத்தில நடிச்சிருக்கலாமடா."

"அதுதான் பயமாக் கிடக்கு."

தாள் இல்லாத நாட்களில் எங்களுக்குள் அதிகம் பேச்சில்லை. சாப்பிட்டியா, ஓம். எப்ப வருவாய், தெரியேல்லை.

அதன்பின் ஒரு தொடரில் பெரிய வேடம் கிடைத்தது. ஒரு காட்சியில் மகன், அறை எடுத்துவிட்டேன், போகிறேன் என்கிறான். சாவியை வைத்துவிட்டுப் போ என்கிறார் அப்பா. மகன் வைத்துவிட்டு வெளியேறுகிறான். மறந்துபோன மேல்கோட்டை எடுக்கத் திரும்பி வரும்போது அப்பா மனம் இளகிப் பேசுகிறார். மூன்று கிழமை ஒத்திகை பார்த்தோம். சில நேரம் ஆங்கில வசனத்தைத் தமிழிலேயே சொல்லி, அப்பா என்று வரும் இடத்தில் குறும்புக்கு 'அம்மா' என்பான். எனக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

ஒரு ஞாயிறு மத்தியானம் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் அவன் குரல்.

"அம்மா, நான் போறன். ஒரு அறை எடுத்திட்டன்."

நான் திரும்பவில்லை.

"சாவியை வைச்சிட்டுப் போ."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. இந்த முறை இடைவெளி நன்றாக விடுகிறான் என்று நினைத்தேன். மேசையில் சாவி விழுந்தது. முன்கதவு சாத்தப்பட்டது. அவன் கோட்டுக்குத் திரும்பி வர வேண்டும். அடுத்த வசனத்தை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கத்தரிக்காய் முழுவதும் வெட்டி முடிந்தது. போய்ப் பார்த்தேன். கொளுக்கியில் கோட்டு இல்லை. மேலே அவனுடைய அலுமாரி காலியாக இருந்தது.

புதன்கிழமை போன் செய்தான்.

"தம்பி, நான் ஒத்திகை எண்டு நினைச்சனடா."

"எத்தினை நாளா அதைச் சொல்ல யோசிச்சனான் தெரியுமோ? நீங்கள் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. அந்த வசனத்தையே எடுத்து எறிஞ்சீங்கள்."

"கத்தரிக்காய் வெட்டினனான்."

"ஓம். பரவாயில்லை அம்மா."

பிறகு போன்கள் குறைந்தன. புது நம்பர் ஒன்று தந்தான். அழைத்தால் பெரும்பாலும் செய்தியைப் பதிவுசெய்யும் மெஷின்தான் பேசும்.

அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்த மாலை நான் தனியாகப் பார்த்தேன். அப்பாவாக நடித்தவர் கத்தினார், மேசையில் அடித்தார். அப்படிக் கத்துகிறவர் மகனைப் போகவிட மாட்டார் என்று பார்க்கிற எவருக்கும் தெரியும். நானோ அதே வார்த்தைகளை, அவன் பழக்கியபடி, ஃபிளாட்டாகச் சொல்லியிருக்கிறேன். திரையில் என் மகன் கோட்டுக்காகத் திரும்பி வந்தான்.

நான் அவனுடைய நம்பரை அழைத்தேன். மெஷின்தான் எடுத்தது.

"சாவி மேசையிலதான் கிடக்கு, தம்பி. வந்து எடு," என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கி ஒரு மாதிரி ஏறிப்போனது. அவன் அதைக் கேட்டால், நடிக்காதேங்கோ அம்மா என்று சொல்வானோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது.