தட்ட வேண்டாம், மணியை அடிக்கவும்

மூன்று வருடங்களுக்கு முன், நவராத்திரி வெள்ளிக்கிழமை. நாங்கள் டெக்சாஸில் சுகர் லேண்டுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஐந்து வருடம் வீட்டிலேயே காத்துக் கிடந்து, அப்போதுதான் எனக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்து ஆபீஸ் போக ஆரம்பித்திருந்தேன். மூன்றரை வயது மகளை, அடுத்த தெருவில் ஒரு வியட்நாமியப் பெண்மணி தன் வீட்டிலேயே நடத்திய டேகேரில் விட்டிருந்தேன். அறுபத்தைந்தைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் ஆன்ட்டிதான்.

அவர் வீட்டு வாசலில் கையால் எழுதிய ஓர் அட்டை இருக்கும். தட்ட வேண்டாம், மணியை அடிக்கவும் என்று ஆங்கிலத்தில். தூங்குகிற பிள்ளைகளுக்காக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மணி அடித்தால் மட்டும் பிள்ளைகள் எழுந்துகொள்ளாதா என்று யோசிக்கும் அளவுக்குப் புத்தி போகவில்லை.

அன்று அரை நாள் லீவு. ஆன்ட்டியையும் கொலுவுக்கு அழைக்கலாம் என்று ஒரு கையில் குங்குமத் தட்டு, மறு கையில் சுண்டல் டப்பாவோடு இரண்டு மணிக்கே போய் நின்றேன். இந்த ஊரில் போன் பண்ணாமல் யார் வீட்டுக்கும் யாரும் போவதில்லை. கொலுவுக்கு அழைக்கப் போன் பண்ணிவிட்டா போவார்கள் என்று எனக்கு ஒரு வீம்பு. கை இரண்டும் நிறைந்திருந்ததால் முழங்கையால் கதவை நாலு இடி இடித்தேன்.

உள்ளே பிள்ளைகளின் இரைச்சல் ஒரே நொடியில் நின்றது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு மணியையும் அடித்தேன். யாரும் வரவில்லை. வேலிக் கதவு வழியாகப் பின்பக்கம் போனேன். கண்ணாடிக் கதவு பூட்டவில்லை. மேஜையில் ஏழு கிண்ணங்களில் நூடுல்ஸ், பாதி சாப்பிட்டது, ஆவி பறந்துகொண்டிருந்தது. சுவரோரம் ஏழு ஜோடிக் குட்டிச் செருப்பு. ஆன்ட்டியின் கார் வாசலிலேயே நின்றிருந்தது. ஆள்தான் யாருமில்லை.

"பாப்பா, அம்மா வந்திருக்கேன்டா."

மாடிக்கு ஓடினேன், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். கீழே வந்து ஆன்ட்டிக்குப் போன் போட்டேன். வீட்டுக்குள்ளேயே, சுவருக்குள்ளிருந்து வருவது போல, மணி அரை விநாடி ஒலித்து அறுந்தது. போலீஸுக்கு நம்பரை அழுத்திவிட்டேன். பச்சைப் பொத்தானைத் தொடுவதுதான் பாக்கி.

அப்போது 'ஜல்' என்று ஒரே ஒரு சத்தம். வெள்ளிக்கிழமையாயிற்றே என்று காலையில் மகளுக்குப் பாவாடை சட்டையும் கொலுசும் போட்டு அனுப்பியிருந்தேன். யாரோ காலைப் பிடித்துவிட்டது போல அதுவும் அடங்கியது. சத்தம் வந்தது மாடிப்படிக்குக் கீழே துடைப்பம், வாளி வைக்கும் அறையிலிருந்து. கதவைத் திறந்தேன்.

இருட்டில் ஏழு பிள்ளைகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அழவில்லை. என் மகள் என்னை நேராகப் பார்த்தாள். அம்மா என்று கூப்பிடவில்லை, அசையவும் இல்லை. ஆன்ட்டியின் ஒரு கை அவள் கொலுசை இறுகப் பிடித்திருந்தது. மறு கை எல்லோரிலும் சின்னக் குழந்தையின் வாய்மேல், மூச்சு விட இடம் விட்டு, விரல்களை அகட்டி வைத்திருந்தது. தினமும் பார்க்கும் என்னை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

மகளை வாரித் தூக்கிக்கொண்டு, "என் பிள்ளைய என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று தமிழிலேயே கத்தினேன். அதில்தான் அவருக்குச் சுயநினைவு வந்திருக்க வேண்டும். மெல்ல எழுந்து வெளியே வந்தார். பிள்ளைகள் வரிசையாகப் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். இது அவர்களுக்குப் பழகிப்போன விளையாட்டு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆன்ட்டி தரையில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபின் அவர் கணவரை முகாமுக்குக் கூட்டிப் போக வந்தவர்கள் கதவைக் கையால்தான் தட்டினார்களாம். கணவர் திரும்பவில்லை. இரண்டு வயது மகனோடு ஒரு மீன்பிடிப் படகின் அடித்தட்டில் ஒளிந்து தப்பினார். காவல் படகு பக்கத்தில் வந்தபோது மகனின் வாயைப் பொத்தியவர், எவ்வளவு நேரம் என்று இன்றுவரை தெரியாது என்றார். பிள்ளை பிழைத்தான். டல்லாஸில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். ஆனால் அதற்குப் பிறகு அவன் வாய்விட்டு அழுததே இல்லையாம். இங்கே வந்து இறால் உரித்து, நகம் வெட்டும் கடையில் வேலை பார்த்து வாங்கியது இந்த வீடு.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் போகவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது மகளைக் கேட்டேன், "அம்மா கூப்பிட்டது கேக்கலையாடா?"

"ஐ டிட் ஹியர் யூ, அம்மா. பட் ஐ வாஸ் வெரி குட்," என்றாள் பெருமையாக.

"நாளைக்கே வேற டேகேர் பாரு. கம்ப்ளைன்ட் பண்ணு," என்றார் கணவர். ஒரு போன் போட்டால் ஆன்ட்டியின் லைசென்ஸ் போய்விடும். இரண்டு நாளும் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். திங்கட்கிழமை, மகளையும் கூட்டிக்கொண்டு, இனி அனுப்பமாட்டோம் என்று சொல்லிவிடத்தான் போனேன்.

வாசலில் அட்டை இல்லை. மாடிப்படி அறைக்குக் கதவும் இல்லை, கீல் மட்டும் இருந்தது. ஆன்ட்டியே ஸ்க்ரூடிரைவரால் கழற்றிப் பின்பக்கம் வேலியில் சாய்த்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன், மகளை உள்ளே மற்ற பிள்ளைகளோடு உட்காரவைத்துவிட்டு, என்னை வெளியே போய்க் கதவைத் தட்டச் சொன்னார். நீயே தட்டு, பிள்ளைகளுக்கு மாற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார்.

தட்டினேன். உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் குரல், உடைந்து, ஆனால் உரக்க, "கம் இன்!" என்றது. அவர் பின்னாலேயே பிள்ளைகள் ஏழு பேரும் கத்தினார்கள், அதில் என் மகள் குரல்தான் பெரிது.

நான் செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. மகளை அங்கேதான் அனுப்பினேன், அவள் ஸ்கூல் சேரும்வரை. ஆனால் அன்றிலிருந்து, வீடே அதிரும்படி அவள் கத்தும்போதுகூட 'சத்தம் போடாதே' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.