சிப்பிக் கப்பலைச் சுற்றிய தோல்

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில், பழைய மிக்சிகளுக்கு நடுவே ஒரு சிப்பிக் கப்பலைப் பார்த்தேன். பாய்மரம்கூட சிப்பிதான். வாங்குகிறவன் போலக் கையில் எடுத்து, யாரும் பார்க்காதபோது முகர்ந்தேன். வெறும் தூசி வாசம். ஆனாலும் சட்டென்று கீழே வைத்துவிட்டேன்.

இதே மாதிரி ஒன்றைச் சீனாவில் ஒரு துறைமுக ஊரில் வாங்கியிருக்கிறேன். அப்போது பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சாய அறை ரஹீம் பாயும் நானும் மாதிரித் தோலோடு போனோம். பாய் எட்டு மாதம் மெனக்கெட்ட ஆட்டுத்தோல். கசக்கினால் கைக்குட்டை போல உள்ளங்கையில் அடங்கும். ஆர்டர் கிடைத்தால் அவரைச் சாய அறைக்கே மாஸ்டர் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

என் நாட்குறிப்புப்படி செவ்வாய், மதியம் ஒன்றே கால், தோல் வாங்குகிறவர்கள் வைத்த விருந்து. வாளியில் உயிரோடு நெளிந்த கடல் பிராணிகள் தட்டுக்கு வந்தன. சில தட்டிலும் நெளிந்தன. அப்புறம் ஒரு கிண்ணம். கண்ணாடி போல உறைந்த கூழுக்குள் சாம்பல் நிறத்தில் கடற்புழு. சாப்பாட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்த அசடு நான். மூச்சைப் பிடித்து விழுங்கினேன். அங்கே கிண்ணம் காலியானால் விருந்தாளிக்குப் பசி அடங்கவில்லை என்று அர்த்தமாம். இன்னொன்று வந்தது. அதையும் முடித்தேன். மூன்றாவதும் வந்தது.

"மிச்சம் வெச்சாதான் விடுவாங்க போல கீது சார்" என்றார் பாய். அவர் சோறும் மீனுமாகத் தப்பித்திருந்தார்.

தொண்டையில் அந்த வழவழப்போடு கடைத்தெருவுக்குப் போனேன். ஊரே நாறியதால் கப்பல் தனியாக நாறியது தெரியவில்லை. உடையாமல் எடுத்துப்போக வேண்டுமே? தோல்காரன் புத்தி, பெட்டியில் இருப்பதிலேயே மெத்தென்று இருந்ததில் சுற்றி வைத்தேன்.

மறுநாள் காலை, வாங்க வந்தவர் முன்னால் பெட்டியைத் திறந்தோம். சிப்பிகளுக்குள் ஒட்டியிருந்த சதை அழுகி, அந்த நாற்றம் முழுவதையும் மாதிரித் தோல் குடித்திருந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பாய் தோலைப் பிரித்துக் கப்பலை மேசைமேல் வைத்தார். "இன்னா சார், வேற துணியே கிடைக்கலையா?"

கப்பலை அங்கேயே குப்பையில் போட்டேன்.

ஊருக்கு வந்ததும், மாதிரித் தோல் ஏன் நாறியது என்று முதலாளி கேட்டார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது பாய்க்குத் தெரியும். தோலை மிருதுவாக்க மீன் எண்ணெய் விடுவது எங்கள் வழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொன்னார்: "மீன் எண்ணெய் ஜாஸ்தியாயிடுச்சு சார். மிஸ்டேக் என்னுது."

அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

மாஸ்டர் வேலை வேறொருவருக்குப் போனது. கொஞ்ச நாளில் பாயும் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டார். இப்போது கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். அந்தத் தெருவில் நுழைந்தாலே மூக்கில் ஏறும் தோல் வாடையும் இல்லை. சந்தையிலிருந்து வந்து பழைய நாட்குறிப்பைப் புரட்டினேன். என் கையெழுத்தில் இருக்கிறது: "மாதிரி நிராகரிப்பு. காரணம், மீன் எண்ணெய் அதிகம்."

அந்தப் பக்கத்தில் தேதி மட்டும்தான் சரி.