சின்ன காரில் டர்போ வைத்த வருடம்

எங்கள் கார் பன்னிரண்டு வருடம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக். மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். நான்கு பேர் உட்கார்ந்து ஏசியைப் போட்டால் மேம்பாலம் ஏறும்போது இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டும். அதில் டர்போ வைக்கப் போகிறேன் என்றபோது மனைவி, "அதுக்கு வேற காரே வாங்கிடலாமே" என்றாள். வாங்கியிருக்கலாம். காரணம் கேட்டவர்களிடம் ஏசி போட்டால் இழுவை இல்லை என்று சொன்னேன். உண்மையில் எனக்கு அதைச் செய்து பார்க்க வேண்டும் என்றிருந்தது. அதற்கு மேல் விளக்கம் இல்லை.

நான் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஃபோர்மேன். இருபது வருடமாக பெல்ட், ரோலர், கியர்பாக்ஸ். எல்லாமே பெரியவை, சில போல்ட்டுகளைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும். விபத்தில் நசுங்கிய ஒரு டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போவை மந்தாரக்குப்பம் பழைய இரும்புக் கடையில் பார்த்தபோது, அது ஒரு தேங்காய் அளவுதான் இருந்தது. சக்கரத்தை விரலால் சுண்டினேன். சத்தமில்லாமல் சுற்றியது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை அந்தச் சக்கரத்தைச் சுழற்றும். மறுபக்கச் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம், பெட்ரோல் கூடினால் வேகம். காகிதத்தில் அவ்வளவுதான். இப்படி மாற்றுவது சட்டப்படி கூடாது என்பதும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

எனக்கு வெல்டிங் வராது. டர்போவை எஞ்சினோடு இணைக்க, மூன்று குழாய்கள் ஒன்றாகச் சேரும் ஒரு மேனிஃபோல்டு செய்ய வேண்டும். அது பழுக்கக் காயும், ஆறும், மறுபடி காயும். சாதாரண வெல்டு விரிசல் விட்டுவிடும். அதற்காக ஒரு கான்ட்ராக்ட் வெல்டரைக் கேட்டேன். மின் நிலையத்தைப் பராமரிப்புக்காக நிறுத்தும் ஷட்டவுன் காலத்தில் பாய்லர் குழாய் ஒட்ட வருபவர். காடாம்புலியூர்ப் பக்கத்துக்காரர், மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் சார் என்பார். நான் பர்மனென்ட், அவர் கான்ட்ராக்ட்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸ் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே வேலை நடந்தது. அவர் குழாய் வளைவுகளை அறுத்து, அரம் போட்டு, பொருத்திப் பார்த்து, மறுபடி அரம் போடுவார். ஒட்டுகிற நேரம் குறைவு, ஒட்டுவதற்கு முந்தைய நேரம்தான் அதிகம். இடைவெளியில் நூலைக்கூட விட முடியாதபடி பொருந்திய பிறகே வெல்டிங் ஹோல்டரைக் கையில் எடுப்பார். மேனிஃபோல்டுக்கு நான்கு ஞாயிறுகள் போயின. டர்போவுக்கு ஆயில் போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி, பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்கள், அவற்றை ஆட்டிவைக்கும் ஒரு சின்னப் பெட்டி என்று மற்றவற்றை நான் பார்த்துக்கொண்டேன்.

காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் குழாயின் நடுவே திருகித் திறக்கும் ஒரு சின்னப் பித்தளை டேப் வைத்திருந்தேன். அதைத் திறந்தால் அழுத்தம் ஏறும். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார்?" என்றார்.

"பின்னாடி தேவைப்பட்டா கூட்டிக்கலாம்ணே."

"தேவையில்லன்னா எடுத்துடுங்க சார். டேப்புன்னு ஒண்ணு இருந்தா கை தொறக்கத்தான் போவும்."

நான் எடுக்கவில்லை.

முதல் நாள் எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆனது. அழுத்தமானி ஆறு பவுண்டுக்கு மேல் போகவில்லை. டவுன்ஷிப் சாலையில் இரண்டு சுற்று சுற்றினேன். மூன்றாவது கியரில் மிதித்தால் மெல்லிய விசில் சத்தம், பிறகு முதுகை சீட்டோடு அழுத்துகிற ஒரு தள்ளல். மனைவி ஒருமுறை உட்கார்ந்து வந்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஒரு மாதம் அப்படியே ஓடியது.

எங்கள் பிரிவில் ஒருவரின் மகளுக்குக் குள்ளஞ்சாவடியில் கல்யாணம். என்னோடு வேலை செய்யும் இருவர் என் காரிலேயே வந்தார்கள். டர்போ கதை அவர்களுக்கு முன்பே தெரியும். வடலூர் தாண்டியதும் பின்சீட்டில் இருந்தவர், "இவ்ளோதானாப்பா? இதுக்கா ஆறு மாசம்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் ஓரமாக நிறுத்தி, பானட்டைத் திறந்து, டேப்பை அரைச் சுற்று திருப்பினேன்.

முள் பதினொன்றைத் தாண்டியது. கார் அதுவரை போகாத மாதிரி போனது. முன்சீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல் ஒரு சத்தம். அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது. உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். நான் மூன்று நான்கு விநாடி எடுக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் சாலை தெரியவில்லை, வெள்ளைப் புகைதான் தெரிந்தது. முந்திரித் தோப்பு ஓரத்தில் கார் நின்றது.

"என்னப்பா ஆச்சு?" என்றார்கள் இருவரும்.

"மேனிஃபோல்டு வெல்டு விட்டிருக்கும்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்தவும் இல்லை. ஷேர் ஆட்டோவில் கல்யாணத்துக்குப் போனோம். அங்கேயும் அதையே சொன்னேன்.

வீட்டில் எஞ்சினைப் பிரித்தேன். இரண்டாவது பிஸ்டனின் ஓரம் மெழுகு போல் உருகியிருந்தது. மேனிஃபோல்டில் ஒன்றுமில்லை. மூன்று நாள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் வெல்டர் மொபெட்டில் வந்தார். கையில் ஒரு பாட்டில் டீசல்.

"மேனிஃபோல்ட கயட்டி வச்சிருக்கீங்களா சார்?"

எடுத்துக் கொடுத்தேன். சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்டார். மனைவி தேடிக் கொடுத்தாள். அதைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு ஒட்டின் மேலும் பூசிக் காயவைத்தார். திறந்த வாய்களை ரப்பர் வைத்து அடைத்து, உள்ளே டீசலை ஊற்றி, தரையில் சாக்கின் மேல் வைத்தார். கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தாலும் வெள்ளையில் ஈரம் கறையாகத் தெரியும். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மனைவி டீ கொண்டுவந்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"டேப்ப எவ்ளோ தொறந்தீங்க?" என்றார்.

"அரைச் சுத்து."

தலையசைத்தார். "டீக்கடையில சொல்லிகினு இருந்தாங்க சார், நான் ஒட்டனது வுட்டுப்போச்சுன்னு. அடுத்த மாசம் ஷட்டவுன். பேர் எழுதறவன் காதுல இது வுழுந்தா என்னைக் கூப்புட மாட்டான். அதுக்குதான் வந்தேன்."

"தப்பு என்னுதுதாண்ணே. நான்தான் அப்படிச் சொன்னேன்."

"தெரியும் சார்."

டீசலைப் பாட்டிலில் திரும்ப ஊற்றிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் டீக்கடையில் அந்த இருவரிடமும் சொன்னேன்: வெல்டில் குறையில்லை, டேப்பைத் திறந்தது நான், சத்தம் கேட்டும் காலை எடுக்காததும் நான். ஒருவர், "இதுக்குப் போயி இவ்ளோ சீரியஸா?" என்று சிரித்தார். அவர்களுக்கு அது ஏற்கெனவே மறந்துபோன பேச்சு. கான்ட்ராக்ட் சூப்பர்வைசரையும் பார்த்துச் சொன்னேன். "கார் மேட்டர்லாம் நான் கேக்கறதே இல்ல சார்" என்றார். ஆனால் ஷட்டவுன் முதல் பட்டியலில் வெல்டரின் பெயர் இல்லை. பத்து நாள் கழித்து, இரண்டாவது பட்டியலில்தான் வந்தது. என் பேச்சுதான் காரணமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கவும் இல்லை.

புது பிஸ்டன் போட்டு, டேப்பை எடுத்துவிட்டு, குழாயை நேராக மாட்டினேன். அழுத்தம் ஆறிலேயே நின்றது. ஷட்டவுன் முடிந்த வாரம் அவரை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அவர் ஒட்டிய பாகத்தோடு கார் ஓடி அவர் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

வழியெல்லாம் அவர் சாலையைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் மிதித்தபோது விசில் எழுந்தது, அடங்கியது. வடலூர் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும் சார், திருப்புங்க. நாலு மணிக்குத் தண்ணி வுடுவான். வூட்ல புடிக்க யாருமில்ல."